ஏழைகளின் இடுகாட்டில் ஒரு கோல்ஃப் ஆட்டம்

கடலோர கோல்ஃப் என்றாலே கலிஃபோர்னியாவில் எல்லோரும் பெப்பிள் பீச்சைத்தான் சொல்வார்கள். அங்கே ஓர் ஆட்டத்துக்கே 600 டாலருக்கு மேல் ஆகும். வசதி இருப்பவர்கள் போய் ஆடட்டும். நான் சொல்ல வந்தது சான் ஃபிரான்சிஸ்கோ நகரத்துக்குள்ளேயே இருக்கும் லிங்கன் பார்க் மைதானத்தைப் பற்றி. நகராட்சிக்குச் சொந்தமானது. யாருடைய சிபாரிசும் வேண்டாம். கிளெமென்ட் தெருவில் 34-ஆவது அவென்யூ பக்கம் சிட்டி பஸ்ஸிலிருந்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்கி, காசு கட்டிவிட்டு ஆடலாம். தனியாக வந்தால் மூன்று பேர் இருக்கும் இன்னொரு குழுவோடு சேர்த்துவிடுவார்கள். ஓய்வு பெற்ற ஆசிரியர், ஹோட்டல் சமையல்காரர், கல்லூரி மாணவி என்று யார் யாரோடோ நான்கைந்து மணி நேரம் நடந்திருக்கிறேன். பதினெட்டு ஹோல்களையும், அதாவது பந்தைச் சேர்க்க வேண்டிய குழிகளையும், முடிக்க வகுத்திருக்கும் அடிகளின் எண்ணிக்கையான பார் 68, நீளம் ஐயாயிரத்துச் சொச்சம் யார்டுதான். தூரமாக அடிக்கிறவர்களுக்கு இது சின்ன மைதானம். எனக்கு உலகத்தில் இதைவிடப் பிடித்த மைதானம் கிடையாது.

அதற்குப் பாதிக் காரணம் 17-ஆவது ஹோல். பார் 3 என்றாலும் சுமார் 240 யார்டு இருக்கும். எதிர்க்காற்று வீசினால் நல்ல ஆட்டக்காரர்களே டிரைவர் என்கிற, அதிகத் தூரம் அடிக்கும் மட்டையைக் (கிளப்) கையில் எடுப்பார்கள். செங்குத்துச் சரிவின் விளிம்பை ஒட்டியே போகும் புல்வெளி அது. சரிவுக்குக் கீழே பசிபிக் கடல் குடாவுக்குள் நுழைகிற நீரிணை, அதன் அக்கரையில் மரின் குன்றுகள். சைப்ரஸ் மரங்களைத் தாண்டிப் பார்த்தால் கோல்டன் கேட் பாலத்தின் சிவப்புக் கோபுரங்கள், தண்ணீருக்கு மேல் 227 மீட்டர் உயரத்தில் நிற்கும். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மூடுபனி புகுந்துவிட்டால் பாலம் முழுதாக மறைந்துபோகும், அதன் ஊதுகொம்பு மட்டும் கேட்கும். ஓக்லாண்ட் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் கப்பல் ஒன்று கீழே நகர்ந்தால், முதல் அடியை அடிக்கும் இடமான டீயில் நிற்பவர் பந்தை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பார். முன்னால் இருக்கும் குழு கிரீனில், அதாவது குழியைச் சுற்றிய புல்தரையில், எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டாலும் இந்த ஒரு இடத்தில் யாரும் முணுமுணுக்க மாட்டார்கள்.

அங்கே நிற்கும்போதெல்லாம் எனக்குள் ஒரு கேள்வி எழும். இந்த நகரத்தில் ஒரு கார் நிறுத்தும் இடத்துக்கே வாடகை கேட்டால் மயக்கம் வருகிறது. இவ்வளவு நிலத்தை, இப்படிப்பட்ட காட்சியோடு, பஸ்ஸில் வந்து இறங்குகிற எனக்காக எப்படி விட்டுவைத்தார்கள்? மைதானத்தின் கிழக்கு வேலியை ஒட்டியே ஸீ கிளிஃப் என்கிற குடியிருப்பு இருக்கிறது. அங்கே வீடுகள் கோடிக்கணக்கான டாலருக்கு விலை போகின்றன. அங்கிருப்பதும் இதே கடல், இதே பாலம்தான். வேலிக்கு அந்தப் பக்கம் ஒவ்வொரு ஜன்னலுக்கும் ஒரு சொந்தக்காரர், இந்தப் பக்கம் எவரும் இல்லை. இது எப்படி நடந்தது?

நிலத்தின் கதை

இந்தக் கரையின் நில வரலாற்றைப் பார்த்தால் ஒன்று புலப்படும். பாலத்தை ஒட்டிய பிரெசிடியோ இன்று எல்லோரும் உலவுகிற இடமாக இருப்பதற்குக் காரணம், 1994 வரை அது ராணுவத்தின் கையில் இருந்தது. மைதானத்துக்கு மேற்கே உள்ள ஃபோர்ட் மைலியும் ராணுவம் பீரங்கிகளுக்காக எடுத்துக்கொண்ட நிலம். இரண்டுக்கும் நடுவில் ராணுவம் தொடாத இடங்கள் மாளிகைகளாயின, லிங்கன் பார்க் மட்டும் ஆகவில்லை. ஏனென்றால் அது இடுகாடு. இன்னும் சரியாகச் சொன்னால் ஏழைகளின் இடுகாடு.

1868-இல் நகரம் இந்த இடத்தைப் பொது மயானத்துக்காக ஒதுக்கியது. சுமார் 200 ஏக்கர். அன்று நகரத்தின் கடைக்கோடி, மணல்மேடும் காற்றும் தவிர ஒன்றும் இல்லாத இடம். 1870 வாக்கில் அடக்கம் செய்யத் தொடங்கினார்கள். முதலில் வந்தவர்களில் பலர் ஏற்கெனவே ஒரு முறை புதைக்கப்பட்டவர்கள். இன்று நகர மன்றக் கட்டடமும் பெரிய நூலகமும் நிற்கும் சிவிக் சென்டர் பகுதியில் யெர்பா புவெனா இடுகாடு என்று ஒன்று இருந்தது. நகரம் வளர்ந்து அந்த நிலத்துக்கு மதிப்பு வந்ததும் அங்கிருந்தவர்களைத் தோண்டியெடுத்து இங்கே கொண்டுவந்தார்கள். அடக்கம் செய்யக் காசில்லாதவர்களுக்கு நகராட்சி ஒரு பகுதியைக் கொடுத்தது. மற்ற பகுதிகளைச் சங்கங்கள் வாங்கிக்கொண்டன. பிரெஞ்சுக்காரர், இத்தாலியர், ஜெர்மானியர், யூதர், ஸ்காண்டினேவியர், ஜப்பானியர், கப்பல் மாலுமிகள் என்று தனித்தனி வேலிகள். எல்லோரையும்விட அதிகமாகச் சீனர்கள், ஒவ்வொரு ஊர்ச் சங்கத்துக்கும் ஒவ்வொரு பகுதியாக. 1898 வரை இங்கே புதைக்கப்பட்டவர்கள் சுமார் 29,000 பேர் என்று ஆய்வாளர்கள் கணக்குச் சொல்கிறார்கள்.

பிறகு நகரம் மேற்கு நோக்கி நகர்ந்து வந்தது. இடுகாடுகள் நோய் பரப்பும், நிலத்தின் விலையைக் கெடுக்கும் என்ற பேச்சு எழுந்தது. 1901-க்குப் பிறகு நகர எல்லைக்குள் யாரையும் புதைக்கக் கூடாது என்று சட்டம் வந்தது. வசதியான குடும்பங்களின் பெரிய இடுகாடுகளே பின்னாளில் காலியாகித் தெற்கே கொல்மா என்கிற சிற்றூருக்குப் போய்விட்டன. அந்த ஊரில் இன்று இறந்தவர்கள் பதினைந்து லட்சத்துக்கு மேல், உயிரோடு இருப்பவர்கள் சில ஆயிரம்கூட இல்லை. கேட்பாரற்றுப்போன கல்லறைக் கற்களை நகரம் வீணாக்கவில்லை. புவெனா விஸ்டா பூங்காவின் வாய்க்கால்களில் பதித்தது, ஓஷன் பீச்சில் கடலரிப்புக்குத் தடுப்பாகக் கொட்டியது. லிங்கன் பார்க் இடுகாட்டில் இருந்தவர்களுக்கு நடந்தது வேறு. குடும்பங்கள் வந்து எடுத்துக்கொண்டு போகட்டும் என்று அறிவித்தார்கள். ஊர் பெயர் தெரியாமல் இறந்த மாலுமிக்கும், ஆஸ்பத்திரியில் அநாதையாகச் செத்த சுரங்கக் கூலிக்கும் எந்தக் குடும்பம் வரும்? 1909-இல் நிலம் பூங்காத் துறைக்குப் போனது. லிங்கன் பிறந்து நூறு ஆண்டு நிறைவு என்பதால் அவர் பெயரை வைத்தார்கள். கற்கள் போயின, ஆட்கள் அங்கேயே இருந்தார்கள். 1900-களின் தொடக்கத்திலேயே கல்லறைகளுக்கு நடுவே மூன்று ஹோல்களை வைத்து ஆடிக்கொண்டிருந்தவர்களுக்கு, 1917 வாக்கில் முழுதாகப் பதினெட்டும் கிடைத்துவிட்டன.

என் கேள்விக்கு இதுதான் பதில். இந்த நிலத்தை விற்கத் தோன்றாமல் போனதற்கு நகரத் தந்தைகளின் தாராள மனம் காரணமாக இருந்திருக்காது என்பது என் எண்ணம். பணமில்லாத பிணங்கள் கிடந்த இடம், வேறு எதற்கும் உதவாது என்று கருதப்பட்ட இடம், அதனால் பொதுவாகவே தங்கியது. 17-ஆவது டீயில் நான் பார்க்கிற கடலை எனக்காகப் பிடித்து வைத்திருப்பவர்கள் அந்த மண்ணுக்குள் இருக்கிறார்கள்.

முதல் ஹோலின் ஓரம்

இதையெல்லாம் எனக்குத் தேடிப் படிக்கத் தோன்றியது ஒரு சனிக்கிழமைக்குப் பிறகு. அன்று என்னோடு சேர்த்துவிடப்பட்டவர் எழுபது வயதைத் தாண்டிய ஒரு சீன அமெரிக்கர். வாழ்நாள் முழுக்க நகரப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். தள்ளுவண்டியில் பை, கழுத்தில் துண்டு, ஏழெட்டுக் கிளப்புகள் மட்டும். முதல் ஹோலில் நான் அடித்த பந்து வளைந்து போய்ப் புல்வெளி ஓரத்தில் நிற்கும் ஒரு பழைய கட்டுமானத்தின் பக்கம் விழுந்தது. அந்தப் பக்கம் ஆடிய எவரும் அதைப் பார்த்திருப்பார்கள். சுவர் இல்லாமல் தனியாக நிற்கும் ஒரு வாசல். மேலே குறுக்காக ஒரு கல், அதில் சீன எழுத்துகள். பூங்காவுக்காகச் செய்த அலங்காரம் என்றுதான் பலரும் நினைத்துக் கடந்துபோவார்கள்.

பந்து அதன் அடிப்பக்கத்துக்கு ஒரு முழ தூரத்தில் கிடந்தது. கோல்ஃப் விதிப்படி அசைக்க முடியாத தடை ஒன்று குறுக்கே இருந்தால் அபராதம் இல்லாமல் பந்தை எடுத்து, தடை விலகும் மிக அருகிலுள்ள இடத்திலிருந்து ஒரு கிளப் நீளத்துக்குள் போட்டுக்கொள்ளலாம். நான் கிளப்பைத் தரையில் வைத்து அளந்துகொண்டிருந்தேன். அவர் வண்டியை நிறுத்திவிட்டு வந்தார். "அந்தப் பக்கமாகப் போடுங்கள். இது முன்பக்கம்" என்றார். சொல்லிவிட்டு இடது கையுறையின் ஒட்டுப் பட்டையைப் பிரித்து, விரல் விரலாகக் கழற்றி, மடித்துப் பின் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். தொப்பியை எடுத்தார். இரண்டு கைகளையும் சேர்த்து மூன்று முறை குனிந்தார். அவ்வளவும் அரை நிமிஷத்துக்குள் முடிந்தது. அப்போதுதான் கவனித்தேன். கல்லின் அடியில் இரண்டு ஆரஞ்சுப் பழங்கள் இருந்தன. ஒன்றில் பறவை கொத்திய தடம். பக்கத்தில் மண்ணில் குத்தி எரிந்து முடிந்த ஊதுபத்திக் குச்சிகள்.

அடுத்த இரண்டு மூன்று ஹோல்களில் நடந்துகொண்டே அவர் சொன்னதை இங்கே சுருக்கித் தருகிறேன். அந்த வாசல் காங் சாவ் சங்கத்தின் இடுகாட்டுப் பகுதியில் இருந்தது. தெற்குச் சீனாவில் குவாங்டாங் மாகாணத்தின் சின்ஹுய், ஹெஷான் வட்டாரங்களிலிருந்து வந்தவர்களின் ஊர்ச் சங்கம் அது. தங்கம் தேடி வந்தவர்கள், அமெரிக்காவின் குறுக்கே போட்டு 1869-இல் முடிந்த ரயில் பாதைக்குப் பாறை உடைத்தவர்கள், பிறகு துணி வெளுத்தவர்கள். 1882-இல் சீனக் கூலிகள் நாட்டுக்குள் வரவே தடை போட்டது அமெரிக்கா. இங்கே குடும்பத்தைக் கொண்டுவர வழியில்லை, செத்தால் கொள்ளிபோடப் பிள்ளை இல்லை. அந்தப் பொறுப்பைச் சங்கம் ஏற்றுக்கொண்டது. இங்கே புதைப்பார்கள். சில வருடம் கழித்துத் தோண்டி, எலும்புகளைத் துடைத்து, எண்ணிச் சரிபார்த்து, பெயர் எழுதிய பெட்டியில் வைத்துக் கப்பலேற்றுவார்கள். பெட்டிகள் ஹாங்காங்கில் துங் வா மருத்துவமனை அமைப்பின் பொறுப்பில் இறங்கி அங்கிருந்து அவரவர் கிராமத்துக்குப் போகும். அதாவது இந்த இடத்தில் படுத்தவர்கள் நிரந்தரமாகப் படுக்க வரவில்லை. ஊருக்குத் திரும்பும் வழியில் கொஞ்ச காலம் தங்கியவர்கள். பெரும்பாலானவர்களுக்கு அந்தப் பயணம் வாய்த்தது, சிலருக்கு வாய்க்கவில்லை. "என் குடும்பத்தில் யாரும் இங்கே இல்லை. என் ஊரும் இவர்கள் ஊர் இல்லை. ஆனால் யாராவது ஒருவர் செய்ய வேண்டும் அல்லவா?" என்றார் அவர். பிறகு நான்காவது ஹோலில் கிரீனின் தூரத்திலிருந்து பந்தை உருட்டிக் குழிக்குள் போட்டுவிட்டு அதைப் பற்றி என்னைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்டார்.

அந்த முன்பக்கம் என்ற சொல்தான் என்னை விடவில்லை. விதிப்புத்தகத்துக்கு அது எந்தப் பக்கமும் இல்லாத ஒரு தடை. அவருக்கு முகம் இருக்கிற ஒரு வாசல். ஒரே கல். அதே மைதானத்தின் பிற்பாதியில் இன்னொரு நினைவுச் சின்னமும் மிஞ்சி நிற்கிறது. மாலுமிகளின் நலனுக்காக நகரத்துப் பெண்கள் நடத்திய சங்கம் வைத்த தூபி. கடலோடிகளை அதைச் சுற்றி அடக்கம் செய்தார்கள். மைதானத்துக்குக் கீழே லேண்ட்ஸ் எண்ட் என்கிற கடற்கரைப் பாறைகளில் மோதி உடைந்த கப்பல்களின் இரும்பு இன்றும் கடல் வற்றும் நேரத்தில் தெரியும். அந்தக் கடல் வழியாக வந்தவர்கள், அந்தக் கடலுக்கு மேலேயே இருக்கிறார்கள். கற்கள் எல்லாவற்றையும் எடுத்தவர்கள் இந்த இரண்டை ஏன் விட்டார்கள்? பெயர்க்கச் சிரமமாக இருந்ததா, யாராவது மன்றாடினார்களா? எதுவாக இருந்தாலும், அவை நிற்பதால்தான் எங்களைப் போன்றவர்களுக்குக் கேட்கத் தோன்றுகிறது.

"குளிச்சியாப்பா?"

அந்த வாரம் ஊருக்குப் போன் பேசும்போது அம்மாவிடம் சொன்னேன். மாயவரத்துக்குப் பக்கத்துக் கிராமத்தில் காவிரிக்கரை மயானத்தை ஒட்டிய வழியைக்கூட இருட்டிய பிறகு தவிர்த்து வளர்ந்தவர் அவர். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "ஏம்ப்பா, வந்ததும் குளிச்சியா?" என்றார் முதலில். "குளிச்சேம்மா." "துணியெல்லாம்?" "நனைச்சுட்டேன்." அதற்குப் பிறகுதான் அடுத்த கேள்வி வந்தது. "அவ்வளவு பேருக்கும் யாருப்பா திவசம் குடுக்குறது?"

ஆடி அமாவாசையன்று அப்பா காவிரியில் இறங்கி எள்ளும் தண்ணீரும் விடும்போது, தன் அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா என்று எல்லோருக்கும் விட்டு முடித்த பிறகு கடைசியாக ஒரு கை விடுவார். அது யாருமில்லாதவர்களுக்கு. தாய் இல்லாமல், தகப்பன் இல்லாமல், பேர் சொல்ல ஓர் உறவும் இல்லாமல் போனவர்களுக்கு. சின்ன வயதில் படியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அந்தக் கடைசிக் கையை அவர் அவசரமாக விட்டதே இல்லை. அம்மாவின் கேள்வியில் இருந்தது அந்தக் கணக்கு. தீட்டைவிட அவருக்குப் பெரிதாகப் பட்டது அவர்கள் பட்டினியாக இருப்பது. அந்தப் பேருந்து ஓட்டுநரும் இதே கணக்கைத்தான் வேறு விதமாகத் தீர்த்துக்கொண்டிருந்தார். இங்கே சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் இருக்கும் தமிழர்கள் எத்தனையோ பேர் பெற்றோரை அழைத்து வந்து இங்கேயே பறிகொடுத்திருக்கிறார்கள். அஸ்தியைக் கைப்பையில் வைத்து, விமான நிலையத்தில் சான்றிதழைக் காட்டி, ராமேஸ்வரத்துக்கோ காவிரிக்கோ கொண்டுபோனவர்களை எனக்குத் தெரியும். பெயர் எழுதிய எலும்புப் பெட்டிகள் எதற்காகக் கப்பலேறின என்று எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

ஸன்னிவேலில் இருக்கும் நண்பர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, "எந்த ஊர்தான் பிணத்து மேல இல்ல? தோண்டுனா எங்கயும் எலும்புதான்" என்றார். உண்மைதான். தாமிரபரணிக் கரையில் ஆதிச்சநல்லூரில் எத்தனை தாழிகள். சென்னையின் பழைய சட்டக் கல்லூரி வளாகமே ஆங்கிலேயர்களின் முதல் இடுகாடுதான். 1758-59 முற்றுகையில் பிரெஞ்சுப் படை கல்லறை மேடைகளுக்குப் பின்னால் மறைந்து சுட்டது என்பதால், பிறகு கம்பெனிக்காரர்கள் கற்களையெல்லாம் பெயர்த்துக் கோட்டைக்குள் செயின்ட் மேரி தேவாலயத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இன்றும் அந்தத் தேவாலய முற்றத்தில் அவற்றின் மேல்தான் நடந்து போக வேண்டும், குனிந்தால் பெயர்களைப் படிக்கலாம். ஆட்கள் சட்டக் கல்லூரிப் பக்கமே தங்கிவிட்டார்கள். ஆனால் அங்கேயும் ஓரிரு கல்லறைகள் மட்டும் இடத்தைவிட்டு அசையாமல் இருந்தன. அவற்றில் ஒன்று ஆளுநராக இருந்த எலிஹு யேலின் சிறு பையன் டேவிட் அடக்கமான இடம். ஆளுநர் மகனுக்குக் கல் நின்றது. நண்பர் சொல்வதில் எனக்கு ஒப்புதல் இல்லாதது இங்கேதான். காலம் மூடுவது வேறு, ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டு மூடுவது வேறு. ஆதிச்சநல்லூர்த் தாழிகளை மண் மெல்ல மூடியது. லிங்கன் பார்க்கில் தேதி இருக்கிறது, தீர்மானம் இருக்கிறது, யார் கல் நிற்க வேண்டும் யார் கல் போக வேண்டும் என்ற தேர்வும் இருக்கிறது.

மூடிவிடலாமா?

இந்த விஷயம் தெரிந்தவர்களில் சிலர், அங்கே ஆடுவதே பாவம், மைதானத்தை இழுத்து மூட வேண்டும் என்கிறார்கள். நானும் கொஞ்ச நாள் போகாமல் இருந்து பார்த்தேன். இப்போது என் கருத்து அதற்கு நேர் எதிர். அதற்குக் காரணம் மைதானத்தின் நடுமேட்டில் நிற்கும் அந்த வெள்ளைக் கட்டடம்.

லீஜன் ஆஃப் ஹானர் அருங்காட்சியகம். சர்க்கரை ஆலைக் குடும்பத்து ஆல்மா ஸ்ப்ரெக்கெல்ஸ் நகரத்துக்கு அளித்த கொடை. 1924 நவம்பர் 11 அன்று திறந்தார்கள். முதல் உலகப் போரில் உயிர்விட்ட 3,600 கலிஃபோர்னியா வீரர்களின் நினைவுக்காகக் கட்டியது. முற்றத்தில் ரோடினின் சிந்தனையாளன் சிலை உட்கார்ந்திருக்கிறது. மிக அழகான கட்டடம், பலமுறை போயிருக்கிறேன். ஆனால் அது நிற்கும் இடம் காசில்லாதவர்களைப் புதைத்த பகுதி. 1920-களில் அஸ்திவாரம் தோண்டியபோது எலும்புகள் வரத்தான் செய்தன. வேலை நிற்கவில்லை. 1990-களில் நிலநடுக்கப் பாதுகாப்புக்காகவும் விரிவாக்கத்துக்காகவும் மறுபடி தோண்டியபோது எழுநூறுக்கும் மேற்பட்டவர்களின் எச்சங்கள் வெளியே வந்தன. பொய்ப்பற்கள் இருந்தன, கால்சட்டையின் செப்புக் குமிழ்கள் இருந்தன. சவப்பெட்டிகளை ஊடுருவிக்கொண்டு பழைய குழாய்கள் போயிருந்தன. முதல் முறை குழாய் பதித்தவர்கள் எதன் வழியாகப் பதிக்கிறோம் என்று தெரிந்தேதான் பதித்திருக்க வேண்டும். 3,600 வீரர்களை நினைவுகூர ஒரு மண்டபம் கட்டும்போது அடியில் கிடந்த ஒருவரையும் நினைக்கத் தேவைப்படவில்லை.

சுற்றிலும் இருக்கும் கோல்ஃப் மைதானத்தில் இப்படி நடக்கவில்லை. புல்லுக்கு அஸ்திவாரம் வேண்டாம், அடித்தளக் கார் நிறுத்தம் வேண்டாம். ஒரு கிரீனைத் திருத்தினாலும் தண்ணீர்க் குழாய் போட்டாலும் மேலாகத்தான் மண்ணைக் கிளறுவார்கள். நூறு வருடத்துக்கு மேலாக அந்தப் பதினெட்டு ஹோல்களும் அவர்கள்மேல் போர்த்தி வைத்த போர்வையாகவே இருந்திருக்கின்றன. மைதானத்தை எடுத்துவிட்டால் அங்கே எது வரும்? கச்சேரி மேடை வேண்டும் என்பார்கள், விருந்து மண்டபம் வேண்டும் என்பார்கள், கடலைப் பார்த்தபடி அடுக்குமாடி வேண்டும் என்று ஒரு நாள் யாராவது கேட்பார்கள். ஒவ்வொன்றும் ஆழமாகத் தோண்டும். எல்லோரையும் எடுத்துக் கொல்மாவில் மரியாதையோடு அடக்கம் செய்யலாமே என்ற யோசனையும் எனக்கு ஒப்பவில்லை. சிவிக் சென்டரிலிருந்து ஒரு முறை தூக்கி வந்தவர்களை இன்னொரு முறையும் தூக்கச் சொல்கிறீர்களா? அவர்கள் இருக்கிற இடம் நல்ல இடம். காற்று இருக்கிறது, கடல் இருக்கிறது, பிள்ளைகளும் பெரியவர்களும் நாள் முழுக்கப் பக்கத்தில் நடமாடுகிறார்கள்.

2022-இல் நகர மன்றம் இந்தப் பழைய இடுகாட்டை வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. இனி மண்ணைத் தொடுவதற்கு முன் யோசித்தாக வேண்டும், அந்த அளவில் பெரிய நிம்மதி. சீனச் சமூகத்தினரும் ஆய்வாளர்களும் பல காலம் கேட்டுக் கிடைத்தது அது. எனக்கு அதற்கு மேலும் ஓர் ஆசை உண்டு. முதல் டீயில், ஆடப்போகிறவர்கள் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் இடத்தில், இது யாருடைய இடம் என்று ஒரு பலகை வேண்டும். ஆங்கிலத்தோடு சீனத்திலும் ஜப்பானியத்திலும் இத்தாலியத்திலும் எழுதியிருக்க வேண்டும். ஸ்கோர் கார்டில் ஒவ்வொரு ஹோலுக்கும் எத்தனை யார்டு என்று அச்சடிக்கிறோம். அந்த ஹோல் எந்தச் சங்கத்தின் பகுதி வழியாகப் போகிறது என்றும் அதே வரிசையில் அச்சடித்தால் என்ன? பழைய வரைபடங்கள் இருக்கின்றன, எல்லைகள் தெரியும். பந்து எங்கே விழுந்தது என்று தேடுகிறவர் கொஞ்சம் மெதுவாகத் தேடுவார்.

ஆட்டம் குறைந்துவிடும் என்று நான் நினைக்கவில்லை. அந்தப் பேருந்து ஓட்டுநர் அன்று எங்கள் எல்லோரையும்விடச் சந்தோஷமாக ஆடினார். 17-ஆவது ஹோலில் காற்றுக்குக் கீழே டிரைவர் மட்டையால் தாழ்வாக அடித்து, பந்து உருண்டு உருண்டு கிரீனில் ஏறியதும் கிளப்பை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கினார். கும்பிட்டதும் இதே கைகள்தான், இரண்டும் அவருக்கு ஒன்றுக்கொன்று இடைஞ்சலாக இல்லை.

நானும் இப்போது முதல் ஹோலில் பந்து எங்கே விழுந்தாலும் அந்த வாசல் வரை ஒரு நடை போய்விட்டுத்தான் வருகிறேன். கூட ஆடுகிறவர்கள் கேட்டால் சொல்கிறேன். சிலருக்குப் பிடிக்கிறது, ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். என் அக்கா மகளும் மகனும் கோடை விடுமுறைக்கு ஊரிலிருந்து வருகிறார்கள். இருவரும் இதுவரை கிளப்பைத் தொட்டதில்லை. முதல் ஆட்டத்துக்கு லிங்கன் பார்க்குக்குத்தான் கூட்டிப்போகப் போகிறேன். அந்த வாசல் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். பின்னால் வருகிறவர்களை முன்னே போகச் சொல்லிவிடலாம், அது கோல்ஃபில் உள்ள வழக்கம்தான்.